பார்த்தவரே பொறுப்பு

பின்னட்டையை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நான் முன்னுரையில் தொடங்கி நன்றியுரை வரைக்கும் ஒரு வரி விடாமல் படிக்கிறவன். அதனால்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள்.

மூன்று வாரமாக நீங்கள் ஒரு புத்தகத்தைத் தேடி ஆள் அனுப்பிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நூலகம், கடை, பல்கலைக்கழகம் என்று பாவம், நடையாய் நடக்கிறார்களாம். திரும்பி வரச் சொல்லுங்கள். அந்தப் புத்தகம் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று சொல்வதற்குத்தான் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். என்னை யாரும் இழுத்து வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதலாளிக்குத் தலைமைப் பண்பு பற்றிய புத்தகங்கள் என்றால் உயிர். படிக்க மட்டும் வராது. இரண்டாவது பக்கத்தில் கண் சொருகிவிடும். ஆனால் மாநாடுகளுக்குப் போனால் எல்லாரும் புதுப் புத்தகங்களின் பேரைச் சொல்லிப் பேசுகிறார்கள், இவர் மட்டும் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. "நீ படிச்சு ஒரு பக்கத்துல சொல்லுப்பா, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார். மாதம் நான்கு புத்தகம் படிப்பேன். நிர்வாகம், தலைமை, நிறுவனங்களின் பொறுப்பு, இப்படி. தேநீர் எந்திரத்துக்குப் பக்கத்துப் பலகையில் 'இந்த மாதம் படிக்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல் ஒட்டுவேன். அலுவலகத்தில் எனக்கு 'ஜூஸ் கடை' என்று பட்டப்பெயர். பிழிந்து கொடுக்கிறேனாம். நான் கோபப்பட்டதில்லை.

நான் எழுதிய ஒரு பக்கத்தில் இருப்பதையெல்லாம் முதலாளி திங்கட்கிழமைக் கூட்டத்தில் சட்டமாக்கிவிடுவார். நின்றுகொண்டு பேசினால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்று ஒரு புத்தகம் சொன்னது. மறுநாளே நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் பன்னிரண்டு மேலாளர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். கணக்குப் பிரிவு மேலாளருக்கு முட்டி வீங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த நிறுவனத்தை நடத்துவது நான்தான் என்று. பெருமையடிக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இனி பாதுகாப்புப் பொறியாளரைப் பற்றி. அவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே தோண்டி எடுத்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது குளிர்ப்பதனக் கிடங்கு. பழமும் மீனும் இறைச்சியும் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும். குளிரூட்ட அம்மோனியா வாயு. அது கசிந்தால் அபாய மணி அடிக்கும். மணி அடித்தால் எந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே போக வேண்டும். இது மச்சான் போட்டு வைத்திருந்த ஒழுங்கு. கசிவு இருக்கிறதோ இல்லையோ, முதலில் வெளியே, கேள்வியெல்லாம் பிறகு. மாதத்துக்கு இரண்டு முறையாவது அடிக்கும். லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். முதலாளி பல்லைக் கடிப்பார்.

என் பட்டியலைப் பார்த்துவிட்டு யாரும் புத்தகம் வாங்கியதே இல்லை. மச்சான் மட்டும் ஒருமுறை வாங்கினார். தன் தவறுகளை மறைத்து மறைத்தே அழிந்துபோன ஒரு நிறுவனத்தைப் பற்றிய புத்தகம். கெட்ட செய்தியைக் கொண்டு வருகிறவர் தகுந்த ஆதாரத்தோடு வர வேண்டும் என்று நான் சுருக்கத்தில் எழுதியிருந்தேன். கூட்டத்தில் மச்சான் கையை உயர்த்தினார். புத்தகம் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். "மாப்பிள்ளை, ஏழாம் அதிகாரத்துல நேர் எதிரா இருக்கே. கெட்ட செய்தி சொல்றவனுக்கு முதல்ல நன்றி சொல்லு, ஆதாரத்தை அப்புறம் தேடுன்னு போட்டிருக்கு. அந்த அதிகாரம் படிச்சீங்களா?" என்றார்.

நான் படிக்கவில்லை. அந்த வாரம் வீட்டில் காய்ச்சல், பின்னட்டையை வைத்துச் சமாளித்திருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். 'ஜூஸ்ல தண்ணி கலந்துட்டியா?' என்று கேட்டார். பிறகு உணவுக்கூடத்தில் மச்சான் என் தோளில் கை போட்டு, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். சிரித்தவர்களை நான் அன்றே மறந்துவிட்டேன். தோளில் கை போட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த மாதப் பட்டியலில் 'பார்த்தவரே பொறுப்பு' என்ற புத்தகம் இடம்பெற்றது. அதை எழுதிய பேராசிரியர் கிடையாது. அதை வெளியிட்ட பதிப்பகம் கிடையாது. இன்னும் கடைக்கு வரவில்லை, முன்பிரதி ஒன்று கையில் கிடைத்தது என்று சொன்னேன். ஒரு பக்கத்தில் எழுதினேன். குறையைக் கண்டவரே அதற்குச் சொந்தக்காரர். மணி அடித்தால் பணியிலிருக்கும் பொறுப்பாளர் முதலில் தானே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அலுவலகத்துக்குத் தொலைபேச வேண்டும். அலுவலகம் ஐந்து கேள்விகள் கேட்டு, ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகே எந்திரத்தை நிறுத்தும். கேள்விகளையும் நானே எழுதினேன். நல்ல கேள்விகள். இன்றைக்கும் அவற்றில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். இனி மணி அடித்தால் மச்சானே போய்ப் பார்க்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

முதலாளி அந்த விதியைச் சுவரில் நீல எழுத்தில் எழுதி வைத்தார். நிறுத்தும் பொத்தானை எந்திர அறையிலிருந்து அலுவலகத்துக்கு மாற்றினார். என் மேசைக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புப் பொத்தான். புத்தகத்தைப் படித்தவன் நான் ஒருவன்தானே. மாநாட்டில் அவர் அதைப் பற்றிப் பேச, ஒரு வணிக இதழ் அந்த ஆண்டின் சிறந்த புதிய புத்தகங்கள் பட்டியலில் அதற்கு நான்காம் இடம் கொடுத்தது. நிறுவனங்களின் பொறுப்புணர்வு பற்றி வந்தவற்றில் தவிர்க்கக்கூடாத நூல் என்று எழுதியிருந்தார்கள். வேறொரு நிறுவனத்தின் தலைவர் அதை இரண்டு முறை படித்ததாக என்னிடமே சொன்னார். எங்கள் மேலாளர்கள் பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். நான் ஒருவன்தான் பொய் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், கணக்கு இடிக்கும்.

மச்சான் விடவில்லை. இரண்டாம் எந்திர அறையின் பெரிய வால்வு அரித்துப் போயிருக்கிறது என்று நாற்பத்து மூன்று பக்க அறிக்கை கொடுத்தார். அறிக்கை எதுவானாலும் என் வழியாக ஒரு பக்கமாகத்தான் முதலாளியிடம் போகும். மச்சானின் அறிக்கையில் 'உடனே' என்ற சொல் பதினொரு இடத்தில் வந்தது. நான் சுருக்கியதில் அந்தச் சொல்லுக்கு இடமில்லாமல் போனது. 'எந்திரங்களின் நிலை பொதுவாகத் திருப்தி. சில பாகங்களை அடுத்த ஆண்டு கவனிக்கலாம்.' முதலாளி கையெழுத்துப் போட்டார். வால்வைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லி உங்களை ஏமாற்றப் போவதில்லை. நாற்பத்து மூன்று பக்கத்தையும் படித்தேன். படங்கள் உட்பட.

ஒரு வியாழக்கிழமை மாலை மச்சான் வீட்டுக்கு வந்தார். என் மனைவி உள்ளே அவருக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாலு இடத்துக்கு எழுதிக் கேட்டுட்டேன் மாப்பிள்ளை. அப்படி ஒரு புத்தகமே இல்லையாம். திங்கட்கிழமை கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது. தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்" என்றார். முகத்தில் கோபம் துளியும் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு, தங்கை கையால் குடிப்பதுபோல் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மூன்று நாள் கொடுத்திருந்தார். ஒருவன் வாழ்ந்த வாழ்க்கையைக் கூட்டம் போட்டு அழிக்க மூன்று நாள் போதும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. பணியில் இருந்தவர் அவர்தான். இரண்டாம் அறைக்கு ஒட்டிய கூடத்தில் முப்பது பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். சுவரில் எழுதியிருந்தபடிதான் செய்தார் என்பதைக் கவனியுங்கள். முப்பது பேரும் பிழைத்தார்கள். அந்த விதியால் யாருக்கும் நன்மையில்லை என்று செய்தித்தாள்கள் எழுதுவது நியாயமில்லை.

முதலாளியை விட்டுவிடுங்கள். 'எல்லாம் புத்தகத்துல இருந்துச்சு' என்று அவர் உங்களிடம் அழுதது நிஜம். அவருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது.

அடக்கம் முடிந்த அன்று, 'அண்ணன் கடைசியா உங்களுக்குப் போன் பண்ணாரா?' என்று என் மனைவி என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். அவளிடம் சொன்ன அந்த ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. எந்திர அறையிலிருந்து என் மேசைக்கு வந்த அழைப்பு நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி என்று உங்கள் கையிலிருக்கும் தாளில் இருக்கிறது. அதை நீங்கள் விரலால் மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம், சொல்லிவிடுகிறேன்.

"மாப்பிள்ளை, வால்வு போயிடுச்சு. ஆளுங்க வெளிய போற வரைக்கும் கையால அழுத்திப் பிடிச்சிருக்கேன். எந்திரம் நிக்கிற வரைக்கும் நான் கையை எடுக்க முடியாது. பொத்தானை அமுக்குங்க" என்றார். பொத்தான் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் இருந்தது. நான் ஐந்து கேள்விகளும் எழுதிய அட்டையை எடுத்து முதல் கேள்வியைக் கேட்டேன். நேரில் பார்த்தீர்களா என்று. பார்த்தேன் என்றார். எந்தப் பாகம் என்று கேட்டேன். சொன்னார். எவ்வளவு நேரமாகக் கசிகிறது என்று கேட்டேன். அதற்கும் இருமிக்கொண்டே பதில் சொன்னார். பிறகு, "மாப்பிள்ளை, திங்கட்கிழமை நான் எதுவும் பேச மாட்டேன். அமுக்குங்க" என்றார்.

அது நான்காம் கேள்விக்கான பதில் இல்லை. அதனால் நான்காம் கேள்வியைத் தெளிவாக, மரியாதையாக, இரண்டு முறை கேட்டேன். பதிலுக்காகக் காத்திருந்தேன். நான் தொலைபேசியை வைக்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டது அவர்தான்.