கியாமத் நாள் வரை செல்லும் பத்திரம்

எனது பெயர் சாலிஹ் ஷஸ்னா. வயது 16. காத்தான்குடியில் வசிக்கிறேன். பாடசாலை மாணவி, பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்க வைப்பது உப தொழில். அதை எழுத வேண்டாம் என்று கேட்டும் பொலிஸ் சார்ஜன் ஐயா வாக்குமூலத்தில் எழுதுகிறார். உம்மா றஸீனா பக்கத்தில் இருந்து என் காலை மிதித்துக்கொண்டிருக்கிறார்.

எனது வாப்பா பாடசாலை வேன் ஓட்டுகிறார். போன மாதம் வேன் புகைப் பரிசோதனையில் தேறிய பிறகு, வீதியில் ஓட வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தை எடுத்து முன்கண்ணாடியில் வைத்தார். இம்மாதம் 3ஆம் திகதி நான் அதைக் கழற்றி உயிரியல் புத்தகத்துக்குள் வைத்தேன். அதன் பிறகு அதே அளவில் தாள் வெட்டி, வாகன வகை கழுதை வண்டி என்றும், முடியும் திகதி உலகம் அழியும் கியாமத் நாள் என்றும் எழுதி அங்கே வைத்தேன். வாப்பா கண்டு கத்துவார், நான் ஓடுவேன் என்பதே திட்டம்.

வாப்பா கத்தவில்லை. மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வழமைபோல் அந்தத் தாளுக்கு நேரே நின்று கண்ணாடியைத் துடைத்தார். அதற்கடுத்த நாளும் துடைத்தார். 6ஆம் திகதி கழுதைக்குக் காதும் வாலும் வரைந்தேன். அதன் பிறகும் துடைத்தார். பக்கத்தில் போய், "வாப்பா, வேன் லைசன் எப்ப முடியிற?" என்று கேட்டேன். தாளை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருசம் கிடக்கு புள்ள" என்றார். நாளைக்காவது காண்பார் என்று தாளை எடுக்காமல் விட்டேன். 9ஆம் திகதி வாவிக்கரை வீதியில் குறுக்கே வந்த சைக்கிள்காரரை, பிள்ளைகள் கூவிய பிறகுதான் வாப்பா கண்டார்.

இன்று, 11ஆம் திகதி, காலை 7 மணியளவில் போக்குவரத்துப் பொலிசார் வேனை நிறுத்தினார்கள். முன் இருக்கையில் நானும் தம்பி றுஸ்தியும், பின்னால் பதினொரு பிள்ளைகளும் இருந்தோம். சார்ஜன் ஐயா தாளைக் காட்டி, "ஆர்ர வேல இது?" என்று கேட்டார். வாப்பா அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார். அதன் பிறகு, "நான்தான் சேர் செஞ்ச" என்றார்.

அது பொய். வாப்பாவின் சாரதி அனுமதிப்பத்திரம் 20ஆம் திகதி முடிகிறது. புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும், கண்ணும் பார்ப்பார்கள். கள்ளப் பத்திரம் என்றால் தண்டத்தோடு போகும், கண் தெரியாது என்றால் வேனே போகும். பொலிசுக்கு வரும் வழியில் வாப்பா, "வாயத் திறந்திராத மகள்" என்றார். நான் ஓம் என்றேன்.

ஆனால் நாளைக்கும் றுஸ்தி முன் இருக்கையில்தான் ஏறுவான். ஆகவே சொல்கிறேன். தாளை வைத்தது நான். வாப்பா அதை எட்டு நாள் துடைத்தார், எட்டு நாளும் காணவில்லை. உண்மையான பத்திரத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, இதில் பகிடி எதுவும் இல்லை. உம்மா காலை எடுத்துவிட்டார்.

(ஒப்பம்) சா. ஷஸ்னா