ஆறாவது கட்டை

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அவர்களே, என்னோடு நூற்பாலையில் வேலை பார்த்த தோழர்களே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

நம் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர், பிள்ளைகள் 'கட்டை டீச்சர்' என்று கூப்பிட்ட அம்மையார், நம்மை விட்டு மறைந்துவிட்டார். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பத்து மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொல்வார். எண்ணி எழுதுவது என் வேலை. ஆலை மூடியபின் எனக்குக் கிடைத்த வேலை அது.

ஆலை மூடிய ஆண்டில் பிறந்தவர்கள் மூன்று வயதாகி வந்தார்கள். முதல் பிள்ளை ஐந்து கட்டைகளை அடுக்கியது. ஆறாவதை எடுத்தது, வைக்கவில்லை. வாசலையே பார்த்தது. குழந்தைதானே என்று விட்டோம். அடுத்த பிள்ளையும் அப்படியே! அன்று மட்டும் பதினொரு பிள்ளைகள், கையில் ஆறாவது கட்டையோடு, அதே வாசலை! அங்கே யார் நின்றார்கள்? ஒருவரும் இல்லை! ஆற்றுக்கு அக்கரையில் வேறோர் ஆலை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அதே ஆண்டில் பிறந்தவர்கள் பத்தையும் அடுக்கிவிட்டுக் கைதட்டினார்கள்.

ஏன்? அம்மையார் வீடு வீடாகப் போனார். எந்த வீட்டிலும் பேச்சே இல்லை. வேலை போன அப்பாக்கள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"பிள்ளைகிட்ட பேசுப்பா."

"வேலை இல்லாதவன் என்னத்தம்மா பேசுறது?"

"சட்டைப் பொத்தானைப் பத்திப் பேசு! நீ பாக்குற பக்கமே அதுவும் பாத்துக்கிட்டு இருக்கு, தெரியலையா?"

வாரம் தவறாமல் போனார். அந்த வீடுகளின் பிள்ளைகள் மெல்ல மெல்ல ஏழு, எட்டு என்று ஏறினார்கள்.

அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பார்கள். நான் தூவினேன். என் மகளும் அந்த ஆண்டில் பிறந்தவள். அவளும் ஆறாவதைப் பிடித்தபடி வாசலைப் பார்த்தாள். அடுத்த பிள்ளையைக் கூப்பிட அம்மையார் எழுந்தபோது, மீதிக் கட்டைகளை நானே அடுக்கி, 'பத்து' என்று எழுதினேன். என் பிள்ளையைக் குறைவாக எழுத மனம் வரவில்லை, ஐயா! பத்து வாங்கிய வீட்டுக்கு அம்மையார் எதற்கு வருவார்? வரவில்லை. என் வீட்டில் பேச்சும் வரவில்லை.

போன மாதம் அக்கரை ஆலையும் மூடிவிட்டது. அக்கரையிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் மடியில் இருக்கும் குழந்தைகள் எங்கே பார்க்கிறார்கள் என்று பாருங்கள்! அம்மையாரின் கட்டைப் பெட்டியோடு ஒவ்வொரு வாரமும் உங்கள் வீடுகளுக்கு நான் வருவேன். இது உறுதி.

ஆனால் முதல் வீடு என் வீடு. மூன்றாவது வரிசையில் என் மகள் இருக்கிறாள். வயது இருபத்து நான்கு. இவ்வளவு நேரம் பேசினேனே, ஒருமுறைகூட அவள் மேடையைப் பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மாடி, அங்க யாரும் இல்லடா. அப்பா இங்க இருக்கேன்.