மூணாவது புகார்

போனது ஒண்ணுதான் தம்பி. வலது கால் ஷூ பத்திரமா இருக்கு, இதோ பாருங்க, கையிலயே வச்சிருக்கேன். ரெண்டும் போச்சுன்னு அந்த நோட்டுல எழுதிடாதீங்க. அது பொய். புகார்ல ஒரு பொய் கலந்தா மொத்தப் புகாரும் செத்துரும். நாப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன்.

பேனாவக் கொஞ்சம் கீழ வைங்களேன். கப்பல் அஞ்சு மணிக்குத்தான? இப்பதான் மூணே முக்கால். அதோ, அந்த ஓட்டுக் கூரைக்கு மேல வெள்ளையா ஒரு மலை நிக்குதே, அதான் உங்க கப்பல். நடந்தா பத்து நிமிஷம். வெறுங்காலோட நடந்தா... சரி, பதினஞ்சுன்னு வச்சுக்கங்க.

ஏன் மொறைக்கிறீங்க? நானா திருடுனேன்? மழை! ரெண்டு மணிக்குப் பேஞ்ச மழை உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க இந்தப் பழைய மாளிகைக்குள்ள, மொதலாளி ஓங் தவுக்கே படுத்த கட்டிலப் பாத்துக்கிட்டு நின்னீங்க. வெளிய சடக்குல, அதான் ரோட்டுல, முழங்கால் தண்ணி! அது பத்தாதுன்னு கடலும் ஏறியிருந்த நேரம். சாக்கடைத் தண்ணிக்குப் போக வழியில்ல, திரும்பி நம்ம வாசலுக்கே வந்துருச்சு. வந்தது சும்மா போச்சா? உங்க எடது ஷூவக் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. அந்தச் சாக்கடை நேராத் துறைமுகத்துக்குத்தான் போகும். இந்நேரம் உங்களுக்கு முன்னாடியே அது கப்பல் ஏறி...

சிரிக்க மாட்டீங்களா? சரி, விடுங்க.

இந்தச் சாக்கடையப் பத்தி நகராட்சிக்குப் பதினோரு மனு எழுதியிருக்கேன் தம்பி. பதினொண்ணு! 'ஆவன செய்யப்படும்'னு பதினோரு பதிலு. அத எல்லாம் வரிசையா இங்க அடுக்கியிருந்தா தண்ணியே உள்ள வந்திருக்காது. அப்புறம் உங்க கப்பல்காரன். மூணு பஸ்ஸ ஒரே நேரத்துல கொண்டாந்து கொட்டுறான். நூத்தி இருவது பேரு, எரநூத்தி நாப்பது காலு, செருப்பப் பாத்துக்க நான் ஒருத்தன். இதச் சங்கத்துல சொன்னா ஒடனே வேலைநிறுத்தம். இங்க சங்கமே நான்தான், உறுப்பினரும் நான்தான்.

செருப்பக் கழட்டணும்னு சட்டம் போட்டது யாரு? நானா? தரைக்கல்லு சீமையிலருந்து வந்ததாம், கீறல் விழுந்துருமாம். கண்ணாடி எங்கருந்து வந்துச்சு, இரும்புக் கம்பி எங்கருந்து வந்துச்சு, எல்லாத்தையும் வழிகாட்டிப் பொண்ணு மணி மணியாச் சொல்லும். கேட்டீங்கல்ல? கப்பல்லருந்து அந்தக் கல்ல முதுகுல சுமந்து எறக்குனது யாருன்னு சொல்லுச்சா? சொல்லாது! அவங்க எல்லாம் வெறுங்காலோடதான் உள்ள வந்தாங்க, யாரும் கழட்டச் சொல்லல. கழட்ட அவங்ககிட்ட என்ன இருந்துச்சு?

வில்லை குடுக்கலையான்னா கேக்குறீங்க? நம்பர் வில்லை?

இருக்கு. இந்த வீட்டுக்காரம்மா மேடம் ஓங் பித்தளையில நூத்தம்பது வில்லை செஞ்சு குடுத்துச்சு. அப்படியே பெட்டியில போட்டுப் பூட்டிட்டேன். இருங்க, கோவப்படாதீங்க, கேளுங்க. என் பேரு சன்னாசி. இந்த ஓங் குடும்பத்துத் தொங்கான் படகுக் கம்பெனியில ஏழு வருஷம் மூட்டை எறக்குனேன். ஏழு வருஷமும் என்ன ஒருத்தன் சன்னாசின்னு கூப்பிட்டதில்ல. நூத்திப் பதினேழு! 'ஏய் நூத்திப் பதினேழு, எங்கடா போன?' கல்யாணத்துக்கு லீவு கேட்டப்பக்கூட கணக்கெழுதுற கிராணி என்ன எழுதினான் தெரியுமா, 'நூத்திப் பதினேழுக்குத் திருமணம்.' என் பொண்டாட்டி கடைசி வரைக்கும் அதச் சொல்லியே சிரிப்பா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், மனுசனுக்கு நம்பர் போட மாட்டேன். 'மனுசனுக்கு இல்ல அங்கிள், செருப்புக்குத்தான'ன்னுச்சு மேடம். இன்னைக்குச் செருப்புக்குப் போடுவ, நாளைக்கு?

அதனால மொகத்தப் பாத்து ஞாபகம் வச்சுக்குவேன். பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். ஒரு தடவ ஒரு ஜெர்மன்காரருக்கும் ஒரு ஆஸ்திரேலியாக்காரருக்கும் மாத்திக் குடுத்துட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே தாடி தம்பி! தாய்லாந்து போய் எறங்குனப்புறம்தான் கால் கடிச்சிருக்கு, அங்கருந்து கடுதாசி போட்டுட்டாரு. அது ரெண்டாவது புகாரு.

மொதப் புகாரா? அது ஒண்ணுமில்ல. ஒரு அம்மா கழிவறை எங்கன்னு கேட்டாங்க. சொல்றதுக்கு முன்னாடி எழுபத்திரெண்டாம் வருஷ வேலைநிறுத்தத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொன்னேன். ரெண்டே வார்த்ததான். அந்தம்மாவுக்கு அவ்வளவு அவசரம்னு எனக்கு எப்படித் தெரியும்?

இப்ப நீங்க எழுதுனா மூணாவது. மூணு வந்தா முக்காலியக் காலி பண்ணணும்னு மேடம் சொல்லிருச்சு. மொகத்துக்கு நேரா, தன்மையாச் சொல்லுச்சு. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். தன்மையாப் பேசுற மொதலாளிகிட்ட எப்படித் தம்பி சண்ட போடுறது? அந்தக் காலத்துல எங்களுக்கு அதச் சொல்லித் தரவே இல்ல.

இதே வாசல்தான்! எழுபத்திரெண்டுல பதினேழு நாள் இங்க உக்காந்தோம். முன்னூறு பேரு. மேடத்தோட அப்பன் மாடி சன்னல்லருந்து எட்டிப் பாத்துட்டுக் கதவச் சாத்துனான். இப்ப மக வந்து, 'அங்கிள், இந்த வாசல்ல ஒங்களுக்கு உக்காந்து பழக்கம்தான, வந்து உக்காருங்க'ன்னு முக்காலி போடுது. கிண்டலு! ஆனா வந்தேன். அன்னைக்கு வெயில்ல உக்காந்தேன், இன்னைக்கு நெழல்ல உக்காந்திருக்கேன். அம்பது வருஷப் போராட்டத்துல அவ்வளவுதான் நகந்திருக்கேன்.

காசுக்காக வரல தம்பி. புள்ளைங்க சோறு போடுறாங்க. கூட்டம்! எனக்குக் கூட்டம் வேணும். சங்கத்துல இப்ப கூட்டம் போட்டா நாலு பேரு வர்றான், அதுல மூணு பேருக்குக் காது கேக்காது. நாலாவது ஆளு ஒத்துக்க மாட்டான். இங்க வாரத்துக்கு ரெண்டு கப்பலு. செருப்பு கையில வர்ற வரைக்கும் எவனும் ஓட முடியாது, நின்னு கேட்டுத்தான் ஆகணும். இந்த முக்காலி போச்சுன்னா நான் செவுத்துகிட்டதான் பேசணும்.

என்ன? மத்தவங்க செருப்பெல்லாம் எப்படி நனையாம இருக்குன்னா?

அது... தட்டு. எந்தத் தட்டுல வைக்கிறோம்ங்கறது இருக்குல்ல... நீங்க போலீசுல இருந்திருக்க வேண்டிய ஆளு.

சரி, சொல்லிடறேன். இன்னைக்குக் கீழ்த்தட்டுல இருந்தது உங்களுது மட்டும்தான். எடம் இல்லாம இல்ல. நான்தான் வச்சேன். இந்த அலமாரிக்கு மூணு தட்டு, பாத்தீங்களா? தேஞ்ச சிலிப்பரு, வாரு அறுந்து ஊக்குக் குத்துனது, இதெல்லாம் மேல்தட்டு. சுமாரானது நடுவுல. பளபளன்னு மொகம் தெரியுற ஷூ வந்தா, அது கீழ. தரையோட தரையா. இது எங்க விதி. எங்க விதின்னா, என் விதி. உலகம் பூரா ஒழைக்கிறவன் கீழ கெடக்கான், ஒக்காந்து திங்கிறவன் மேல இருக்கான். எனக்குக் குடுத்தது மூணு பலகை. அந்த மூணு பலகையில நான் மாத்திட்டேன். ஆறு வருஷமா ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு வங்கிக்காரரோட ஷூவக் கடைசிக்குத் தள்ளும்போது இங்க, நெஞ்சுக்குள்ள, என்னா ஒரு குளிர்ச்சி தெரியுமா!

தண்ணி வந்தப்ப என்ன பண்ணேனா? ஓடிப்போய் மேல்தட்டு செருப்பத்தான் மொதல்ல காப்பாத்துனேன். அங்க தண்ணி எட்டாதுதான். தெரியும். கொள்கை தம்பி, கொள்கை! அதுக்குள்ள கீழ...

என்னது? திரும்பச் சொல்லுங்க.

உங்க ஷூவே இல்லையா? மச்சானோடதா?

மச்சான் கல்யாணத்துக்கு வாங்குனது... கப்பலுக்குப் போறீங்களேன்னு எரவல் குடுத்தாரு... அடக் கடவுளே. அந்த வார்த்தய நான் சொல்றதில்ல, இன்னைக்குச் சொல்ல வச்சுட்டீங்க. நீங்க என்ன வேல பாக்குறீங்க? லேத்தா? கோயமுத்தூர்ல பம்பு செட்டுப் பட்டறையிலயா? இருவத்தாறு வருஷமா! ஒரு நாள்கூட லீவு போடாததுக்குக் கம்பெனியே கப்பலுக்கு அனுப்புச்சா... லீவு போடாததுக்கு... அதப் பத்தி உங்ககிட்டத் தனியாப் பேசணும். இப்ப வேணாம்.

கையக் காட்டுங்க.

ம்.

கையப் பாத்திருக்கணும் தம்பி. நான் காலப் பாத்துட்டேன்.

எழுதுங்க. ஆமா, புகார எழுதுங்க! வேணாம்னு சொன்ன ஆளு வேற. அது மொதலாளி வீட்டு விருந்தாளி எழுதுற புகாருன்னு நெனச்சுச் சொன்னது. ஒரு லேத்துக்காரரோட செருப்பத் தண்ணியில விட்டுட்டு, எழுதாதீங்கன்னு நான் சொன்னா எனக்கும் அந்தக் கிராணிக்கும் என்ன வித்தியாசம்? ஏற்கெனவே எழுதியாச்சா? காட்டுங்க. 'என் ஷூ ஒன்று காணவில்லை. வருத்தமாக இருந்தது. திருமூர்த்தி.' இதா புகாரு? இது துக்க வீட்டுக்கு அனுப்புற கடுதாசி! அடிங்க, கோடு போட்டு அடிங்க. மொதல்ல என் சிலிப்பரப் போட்டுக்கிட்டு நில்லுங்க, தரை ஈரம். கொஞ்சம் பெருசுதான். பரவால்ல. இந்த ஒத்த ஷூவப் பிடிங்க, பேனாவக் குடுங்க, நானே எழுதுறேன்.

'பொருள்: காலணிக் காப்பாளர் சன்னாசி அவர்களின்...' அவர்கள் வேணாம். மரியாத குடுத்தா புகாரு சப்புன்னு போயிரும். 'காப்பாளர் சன்னாசியின் பொறுப்பின்மை.' நல்லாருக்கா? 'ஒன்று: நிருவாகம் வழங்கிய எண் வில்லைகளைப் பெட்டியில் பூட்டி வைத்தமை. இரண்டு: காலணிகளைத் தன் சொந்த விருப்பு வெறுப்பின்படி மேல் கீழ் என்று பிரித்தமை. மூன்று: வெள்ளம் புகுந்தபோது நனையாத காலணிகளைக் காப்பாற்றி, நனைந்தவற்றைக் கைவிட்டமை.' ஆகா! இதுக்கு எவனாலயும் பதில் சொல்ல முடியாது. என்னாலயே முடியல.

மேடத்துக்குத் தமிழ் படிக்க வராதுதான். தமிழ்ல வர்றத நான்தான் படிச்சுச் சொல்லணும். மாத்திப் படிச்சிருவேன்னு நெனக்கிறீங்களா? ஒரு புள்ளி மாறாது! நிறுத்தி நிறுத்தி, மேடையில படிக்கிற மாதிரி படிப்பேன். இப்ப கோரிக்கை. 'மேற்படி ஆளை உடனடியாகப் பணியிலிருந்து விலக்குமாறு பணிவுடன்...' பணிவு என்னாத்துக்கு? பணிஞ்சு கேட்டு இந்த ஊர்ல எவனுக்கு என்ன கெடச்சிருக்கு? 'விலக்குமாறு வலியுறுத்துகிறேன்.' ஆச்சரியக்குறி ஒண்ணு போடுவோம். வேணாம், ரெண்டு. அவ்வளவுதான், இந்தாங்க, இந்த எடத்துல ஒரு கையெழுத்து...

தம்பி?

தம்பி! எங்க போறீங்க? ஏ... தெரு முனையத் தாண்டிட்டாரே! நில்லுங்க! கையெழுத்து இல்லாத புகார மேடம் ஏறெடுத்தும் பாக்காது! ஓடாதீங்க, அந்தச் சிலிப்பரு வழுக்கும்! கப்பலுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குய்யா! ஏ பேச்சா ரிக்‌ஷாக்காரரே, அவர நிறுத்துங்க, எடது கைல ஒத்த ஷூவோட ஓடுறாரு பாருங்க, அவருதான்! தம்பி, ஒரே ஒரு கையெழுத்து! நீங்க போடலன்னா நாளைக்கும் நான் அந்த முக்காலியிலயேதான் உக்காந்திருப்பேன்! இந்த அநியாயத்த நீங்க தட்டிக் கேக்க வேணாமா?