"மெயினை எடுங்கோ" என்று நான் சொன்னது

எனது பெயர் தம்பிமுத்து கனகசிங்கம். வயது அறுபத்துமூன்று. இருப்பிடம் சாம்பல்தீவு, பிள்ளையார் கோயிலுக்குப் பின் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. தொழில் மின்வேலை, மெசின் திருத்தம். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கிழமை போனேன். தமிழ் வாசிக்க, எழுதத் தெரியும். நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரியில் வைத்து நான் சொன்ன கதை பிழை என்று சொல்வதற்காக, ஒருவரும் கூப்பிடாமல் நானாகவே இன்று காலை ஆறரை மணிக்கு இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

துறைமுகப் பக்கத்தில் சோமசேகரம் என்பவர் நடத்தும் லேத் பட்டறையில் பழைய மில்லிங் மெசின் ஒன்று இருக்கிறது. இரும்பைச் சீவிப் பள்ளம் வெட்டுகிற மெசின். வயதில் அது எனக்கு மூத்தது. அதை இயக்குபவர் எனது தங்கையின் மகன் மதிசுதன், வயது முப்பத்தொன்று. கடந்த திங்கட்கிழமை அந்த மெசினின் மேசை நகராமல் நின்றுவிட்டது. நானூறு வோல்ட் கரண்டை இருபத்துநாலு வோல்ட்டாக இறக்கி மேசைக்குக் கொடுக்கும் சுற்று உள்ளே எரிந்துபோயிருந்தது. சோமசேகரம் கொழும்பிலிருந்து ஆள் எடுப்பிக்க நினைத்தார். "என்ர மாமா இருக்கேக்க கொழும்பான் என்னத்துக்கு?" என்று மதிசுதன்தான் என்னைக் கூப்பிட்டான்.

துறைமுகத்தைச் சுற்றி என் கை படாத மெசின் மிகக் குறைவு. எண்பத்தெட்டில் எண்ணெய்க் கப்பல் ஒன்றின் ஜெனரேற்றர் நின்றபோது, மூன்று நாட்டு இஞ்சினியர்மார் கைவிட்டதை நான் பிஸ்கட் தகரம் ஒன்றை வெட்டிவைத்து ஓட வைத்தேன். அந்தக் கப்பலின் கப்தான் என்னைத் தன்னோடு நோர்வேக்கு வரச்சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டார். இது சம்பவத்துக்குச் சம்பந்தமில்லை என்று சார்ஜன்ட் ஐயா சொல்கிறார். சம்பந்தம் இருக்கிறது. நேற்றுப் பதினொரு மணிக்கு நான் சொல்லிக்கொண்டு நின்றது இந்தக் கதையைத்தான்.

நேற்றுப் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நான் பட்டறைக்குப் போனேன். வீங்கிப்போயிருந்த கப்பாசிட்டரையும் கருகிய டயோட் நாலையும் கழற்றிப் புதியவை வைத்து ஈயம் போட்டேன். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. யார் வந்தும் பார்க்கலாம். அதன்பின் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் கதிரை ஒன்றில் முனீப் என்பவர் வந்து இருந்தார். அவர் மீன்பிடிப் படகுக்காரர். அவருடைய படகின் விசிறியைச் சுற்றும் சாவ்ட்டில் பள்ளம் வெட்டவேண்டியிருந்ததால் மூன்று நாளாகக் கடலுக்குப் போகவில்லை. "என்ன இஞ்சினியர், இண்டைக்காவது முடிப்பீங்களா, இல்ல படக வித்துப்போட்டுக் கோழி வளக்கவா?" என்று கேட்டார். "கோழிக்கும் கரண்ட் வேணுமெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். நேற்று நான் இதைச் சண்டை என்று சொன்னேன். சண்டை நடக்கவில்லை.

பத்தரை மணியளவில் சோமசேகரம் மெயினைப் போட்டார். மேசை ஒரு சாண் நகர்ந்து நின்றது, பிறகு நகர்ந்தது, பிறகு நின்றது. எங்கோ ஒரு வயர் இளகியிருக்கிறது என்று நான் கண்டுபிடித்தேன். அதன்பின் முனீப்புக்கு எண்ணெய்க் கப்பல் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அந்த நேரம் சோமசேகரத்துக்குத் தொலைபேசி வந்தது. அவர் மெயினை இறக்கிவிட்டு, "மெயின் நிப்பாட்டியிருக்கு, நான் இப்ப வாறன்" என்று சொல்லி வெளியே போனாராம். மதிசுதன் அதைக் கேட்டிருக்கவேண்டும். எனக்குக் கேட்கவில்லை. எனது குரல் பெரிது. முனீப்பும் என் பக்கம் திரும்பிக் கதையில் இருந்தபடியால் அவருக்கும் அது காதில் விழவில்லை.

அதன்பின் மதிசுதன், "மாமா, நோர்வேக் கப்தான் கொஞ்சம் பொறுக்கட்டும், இந்த ஆணிதான் இளகிக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு, வலது கையில் ஸ்குறூ டிரைவருடன், மெசினின் கரண்ட் பெட்டிக்குள் நானூறு வோல்ட் வருகிற மூலைக்குள் கையைவிட்டான். இடது கையால் மெசினின் உடம்பைப் பிடித்திருந்தான். நான் திரும்பிப் பார்த்தபோது அவனது கை முழங்கை வரை உள்ளே இருந்தது. மெயின் இன்னும் போட்டபடி இருக்கிறது என்பதே என் நினைப்பு. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் ரெஸ்டர் எனது சட்டைப் பையில் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. "கையை எடடா" என்று அவனிடமும் சொல்லவில்லை. முனீப்பைப் பார்த்துக் கத்தினேன்.

கேள்வி: என்ன சொல்லிக் கத்தினீர்கள்? அந்தச் சொல்லையே சொல்லவும்.

பதில்: "மெயினை எடுங்கோ! கெதியா எடுங்கோ!"

கேள்வி: நிப்பாட்டச் சொன்னதாக நேற்றுக் கூறினீர்களே?

பதில்: நிப்பாட்டு என்ற சொல் என் வாயில் வரவில்லை. மின்வேலைக்காரர் நாங்கள் மெயினை எடு என்றால் கரண்டை அறு என்று கருத்து. படகுக்காரர் மெசினை எடு என்றால் அதை இயக்கு என்று கருத்து. முனீப் எழும்பி, மெயின் சுவிட்சின் பிடி கீழே இறங்கியிருப்பதைப் பார்த்து, "எடுக்கவா?" என்று ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்வி என் காதில் நன்றாக விழுந்தது. கரண்டை அறுக்கச் சொன்னால் யாரும் எடுக்கவா என்று கேட்டு நிற்கமாட்டார்கள், அவர் போடவா என்றுதான் கேட்கிறார் என்று அப்போது எனக்கு ஓடவில்லை. "ஓம், எடுங்கோ மனிசா!" என்றேன். அவர் பிடியை மேலே தூக்கினார்.

மதிசுதன் கத்தவில்லை. பல்லைக் கடித்த சத்தம் மட்டும் கேட்டது. அவனது தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. ஒரு செருப்பு கழன்றுபோனது. நான் அவனிலிருந்து நாலடி தூரத்தில் நின்றேன். முனீப்தான் பிடியை இறக்கிவிட்டு ஓடிவந்து, அவனை இழுத்துச் சீமெந்து நிலத்தில் கிடத்தி, கடலில் மூழ்கியவர்களுக்குச் செய்வதுபோல இரண்டு கையாலும் நெஞ்சில் அமத்தினார். எண்ணிக்கொண்டே அமத்தினார். அவர் முப்பது எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நெஞ்சை அமத்தி உயிரைப் பிடித்துவைத்தது நான்தான் என்று மதிசுதனின் மனைவி நிருசாவிடம் சொன்னது பொய். அவள் எனது கையைப் பிடித்து முகத்தில் ஒற்றினாள். அதை நான் தடுக்கவில்லை.

அதன்பின் ஆஸ்பத்திரியில் நிருசா, "மாமா, மெயினைப் போட்டது ஆர்?" என்று கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் மதிசுதனின் தாயான எனது தங்கை கனகமணி நின்றாள். அவள் என்னையே பார்த்தாள். நான், "நிப்பாட்டச் சொன்னனான், அந்தாள் வேணுமெண்டு போட்டவர்" என்று சொன்னேன். வேணுமென்று என்ற சொல் நானாகச் சேர்த்தது. அதைக் கேட்டு நின்ற உறவினர் முனீப்பை ஆஸ்பத்திரி வாசலில் வைத்துப் பிடித்துப் பொலிசுக்கு அறிவித்தார்கள். அவருடைய சட்டை கிழிந்தது. வந்த பொலிசாரிடமும் நான் அதையே சொல்ல, அவர்கள் அவரைக் கொண்டுபோனார்கள்.

இன்று காலை நான் உள்ளே வரும்போது வாசல் வாங்கில் முனீப்பின் மனைவி சுஹைரா இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். ஏசப்போகிறார் என்று நினைத்து நான் நின்றுவிட்டேன். அவர், "ஐயா, அந்தத் தம்பி கண் முழிச்சிட்டாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நீங்க சரியாத்தான் சொன்னீங்களாம், தனக்குத்தான் வெளங்கல்லையாம் எண்டு இவரு சொல்றாரு" என்றார். நேராக இந்த மேசைக்கு வந்தேன்.

முனீப் விளங்கியபடிதான் செய்தார். வேறு எந்தப் படகுக்காரர் அந்தக் கதிரையில் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பார். மதிசுதன் இந்த நேரம்வரை கண் திறக்கவில்லை. அவனது வலது கையில் இரண்டு விரலை எடுக்கவேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அவன் கண் திறந்தால் என்ன சொல்லுவான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. திறக்காவிட்டால் என்ன என்பதை என்னால் நினைக்க ஏலாது. மின்வேலை செய்வதற்கான சான்றிதழ் என்னிடம் இல்லை, ஒருநாளும் இருக்கவுமில்லை.

இதைச் சொன்னபடியால் முனீப்பை விடுவீர்களா என்று கேட்டேன். பெரிய ஐயா வந்து பார்க்கவேண்டும் என்று சார்ஜன்ட் ஐயா சொன்னார். என்னை உள்ளே வைப்பீர்களா என்று கேட்டேன். அவர் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டி, பேனையைத் தந்தார். வாசித்ததைக் கேட்டேன். நான் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது. என்னை ஒருவரும் வெருட்டிச் சொல்லவைக்கவில்லை. நேற்றுச் சொன்னதைத் தள்ளி, இதையே எனது உண்மையான வாக்குமூலமாக ஏற்கும்படி கேட்டுக் கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) த. கனகசிங்கம்

முதற் கையெழுத்து விளங்கவில்லை. கீழே இரண்டாம் முறை வைத்தேன்.

(ஒப்பம்) த. கனகசிங்கம்