வேட்டைக்குப் போன ராஜா

— ஆடாம உக்காருங்க மகாராணி. இந்தச் சிக்கை எடுக்கிறதுக்குள்ள என் பிராணன் போயிடும்.

— விடுடி மென்சியா. பைத்தியக்காரி தலை சிக்காத்தான் இருக்கும். வந்து பாக்கிறவங்களுக்கு ஏமாத்தமா இருக்கக் கூடாதில்ல?

— ஆமா, நல்லாப் பேசுங்க. வருஷக்கணக்கா எட்டிப் பாக்காத பிள்ளை இன்னைக்கு வர்றார். கூடவே பிரபுக்களும் வர்றாங்க. உங்களைக் கண்ணால பாத்த பிறகுதான் அவருக்குக் கிரீடம் வெப்போம்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்களாம்.

— என்னத்தைப் பாக்கணுமாம்?

— நிஜமாவே பைத்தியமான்னு.

— அதை எங்கப்பாகிட்ட கேக்கலாமே. புருஷன் செத்தன்னைக்கு நான் அழல. அழாத பொம்பளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொல்லி, ராஜ்யத்தை அவர் எடுத்துக்கிட்டார். மறு வருஷம் உக்காந்து அழுதேன். பாத்தீங்களா, இன்னும் தெளியலன்னார்.

— உங்கப்பா...

— சொல்லு. ஏன் முழுங்கற?

— ஒண்ணுமில்ல. வேட்டைக்குப் போயிருக்கார்னு காவல் தலைவர் பெல்த்ரான் காலையில சொன்னார்.

— செத்து நாலு வருஷமாச்சு. எப்படிடி வேட்டைக்குப் போவார்?

— மாதாவே! யார் சொன்னது உங்களுக்கு? சத்தியமா நான் வாயைத் திறக்கல. சொன்னா நாக்கை அறுத்துடுவேன்னு மிரட்டி வெச்சிருக்கான் அந்தப் பாவி.

— யாரும் சொல்லல. கறுப்புத் துணி உடுத்தக் கூடாது, சாவு மணி அடிக்கக் கூடாதுன்னு பெல்த்ரான் எல்லாத்தையும் யோசிச்சான். பூசையை மறந்துட்டான். பூசையில ராஜா பேரைச் சொல்லி வேண்டணுமில்ல? செத்தவரை உயிரோட இருக்கிறவர்னு சொல்லப் பாதிரியாருக்கு ஆண்டவர்கிட்ட பயம். என் பிள்ளை பேரைச் சொல்ல பெல்த்ரான்கிட்ட பயம். அந்த இடம் வந்தா இருமுவார். ஞாயித்துக்கிழமைதோறும் ஒரே இடத்துல இருமல் வருமா?

— அதனாலதான் பூசைக்கே வரமாட்டேன்னீங்களா?

— அந்த மனுஷன் இருமி இருமியே போயிடுவாரோன்னு பாவமா இருந்துச்சு. அதையும் என் பைத்தியத்துல சேத்துட்டாங்க.

— மகாராணி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அப்பன் செத்ததுகூடத் தெரியாத பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லித்தான் உங்க பிள்ளை இத்தனை வருஷம் ஆண்டார். இப்போ கிரீடமும் கேக்கறார். அந்தப் பிரபுக்கள் காதுல விழற மாதிரி, எங்கப்பா செத்தது எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தக் கதவு தொறந்துடும். துவேரோ ஆத்தங்கரை வரைக்கும் ரெண்டு பேரும் நடந்துட்டு வரலாம். எனக்கு அலுத்துப் போச்சு மகாராணி. இந்த ஜன்னலில்லாத அறையும் ஆறிப்போன கடலைக் கஞ்சியும்...

— எனக்கு மட்டும் அலுக்கலையா? சரி, அந்த முக்காட்டைக் கொடு. சொல்லிடறேன்.

— சத்தியமா?

— சத்தியமா. எனக்கும் வெயில் பாக்கணும்டி.

— படியில காலடி கேக்குது. அவர்தான். நிமிந்து உக்காருங்க.

— அம்மா... நான் ஃபத்ரீக்கே. அடையாளம் தெரியுதா?

— தாடி உனக்கு நல்லாவே இல்ல. கிட்ட வா. ஏன் இப்படி நடுங்கற?

— குளிர்மா. இவங்கல்லாம் நம்ம பிரபுக்கள். உங்களைப் பாக்கணும்னு வந்திருக்காங்க. என்கிட்ட ஏதாவது கேக்கணுமாம்மா?

— மகாராணி, பேசுங்க. எல்லாரும் நிக்கிறாங்க.

— ஒண்ணே ஒண்ணு ஃபத்ரீக்கே.

— சொல்லுங்கம்மா.

— தாத்தா சௌக்கியமா?

— ...சௌக்கியம்மா. உங்களை ரொம்ப விசாரிச்சார்.

— என்னை எப்பத்தான் வெளிய விடுவாராம்?

— சீக்கிரமே. நான் தாத்தாகிட்ட பேசறேன்மா.

— பேசு. இருட்டா இருக்கு, படியில பாத்து இறங்குங்க எல்லாரும்.

— போயிட்டாங்க. பூட்டும் விழுந்தாச்சு. வாய் வரைக்கும் வந்த வார்த்தையை ஏன் மகாராணி முழுங்கினீங்க? ஒரே ஒரு வார்த்தைதானே!

— எங்கப்பா செத்துட்டார்னு என் வாயால சொல்லிட்டா, நாலு வருஷமா இந்தக் கதவைப் பூட்டி வெச்சிருக்கிறது யார்டி மென்சியா?