நாலாம் சிலிண்டரில் இருந்த பிளக்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் மூன்றும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது அறுபத்தெட்டு. தொழில் கார் மெக்கானிக். யாரும் சொல்லிக்கொடுத்த தொழில் அல்ல. பிரித்துப் போட்டுப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக்கின் இடைவெளியை, அதாவது அதன் 'கேப்'பை, ஒருமுறைக்கு மூன்றுமுறை அளப்பவன் என்பதால் தெருவில் எனக்குக் 'கேப்புக்காரர்' என்று பெயர். ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருக்கும் பட்டறையை நானும் என் தம்பியும் முப்பத்தொரு வருடங்களாகச் சேர்ந்து நடத்தி வந்தோம். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் ஒரு பழைய காரில் மலைச்சாலை வழியாக மருந்துப் பெட்டிகள் ஏற்றிச் செல்லும் வேலை பார்த்து வந்தாள். சரக்கோடு ஏற்றத்தில் வண்டி திணறுவதாகச் சொன்னதால், நாலு சிலிண்டருக்கும் பிளக்குக்கு மின்சாரம் தரும், கூடுதல் சக்தியுள்ள புதிய இக்னிஷன் காயிலும் அதற்கு ஏற்ற பிளக்கும் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டேன். சென்ற மாதம் ஒன்பதாம் தேதி காலை வண்டி பட்டறைக்கு வந்தது. எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, பழைய காயில்களைக் கழற்றி, பிளக் இருக்கும் குழிகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, பழைய பிளக்குகளை எடுத்தேன். அதன் பிறகு புதிய பிளக்குகளின் இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்து சரிசெய்து மூன்றை மாட்டி முடித்தேன். நாலாவது பிளக் என் கையிலிருந்து தவறி சிமெண்டுத் தரையில் விழுந்தது. விழுந்த பிளக்கை நாங்கள் எஞ்சினில் போடுவதில்லை. உள்ளே பீங்கான் கீறியிருந்தால் வெளியே தெரியாது. ஆகவே அதன் தலையில் அரத்தால் ஒரு கோடு போட்டுக் கழிவு டின்னில் எறிந்தேன். இது எங்கள் பட்டறையில் முதல் நாளிலிருந்து உள்ள பழக்கம், தம்பிக்கும் தெரியும்.

அன்று எனக்குக் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. கடையிலிருந்து புதிய பிளக் ஒன்று வாங்கி நாலாவதை மாட்டிவிடும்படி தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனேன். டாக்டர் என் கண்ணில் குறை இல்லை என்று சீட்டு எழுதித் தந்தார். அந்தச் சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

நான் திரும்பியபோது நாலு காயிலும் மாட்டப்பட்டு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சீராக இருந்தது. "போட்டாச்சா?" என்று கேட்டேன். "போட்டாச்சுண்ணே, புது மாப்பிள்ளை மாதிரி ஓடுது பாருங்க" என்றான். ஒருவன் முடுக்கிய போல்ட்டை மற்றவன் திறந்து பார்ப்பது எங்களுக்குள் செருப்பால் அடிப்பதற்குச் சமம். முப்பத்தொரு வருடத்தில் அவன் முடுக்கியதை நான் திறந்ததில்லை. நான் முடுக்கியதை அவன் திறந்ததில்லை. அன்றும் திறக்கவில்லை.

மறுநாள் காலை மலைச்சாலையில் மகள் ஒரு டிராக்டரைத் தாண்டிப் போகையில் எஞ்சின் குலுங்கி இழுவை விட்டுப்போயிருக்கிறது. முன்னேறவும் முடியாமல் பின்வாங்கவும் முடியாமல் நின்ற வண்டியை எதிரே வந்த லாரி நசுக்கியது. கதவைக் கம்பியால் நெம்பித்தான் அவளை எடுத்திருக்கிறார்கள். நசுங்கிய இடது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அவள் ஷூ வண்டிக்குள்ளேயே இருந்தது. அதற்குள் அறுந்த பாதமும் இருந்ததாக மீட்டவர்கள் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மருமகனிடமும் மற்ற உறவினரிடமும் தம்பி, "அண்ணனுக்கு வயசாயிடுச்சு. கண்ணும் சரியா தெரியல. நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே" என்று சொன்னதை நானே என் காதால் கேட்டேன். மருமகன் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

இம்மாதம் நாலாம் தேதி காலை, உடைந்த வண்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்த மைதானத்துக்குப் போய், காவலாளியிடம் சொல்லிவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே நாலு காயிலையும் கழற்றிப் பிளக்குகளை எடுத்தேன். முதல் மூன்றும் நான் வைத்த இடைவெளியில் இருந்தன. நாலாவதின் தலையில் நான் அரத்தால் போட்ட கோடு இருந்தது. விழுந்தபோது அமுங்கிய முனையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி நிமிர்த்திய தழும்பு இருந்தது. பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசலும், அதன் வழியே பொறி பாய்ந்த கறுப்புக் கோடும் இருந்தன. வண்டி சும்மா நிற்கையில் அது தெரியாது. பாரம் ஏறும்போதுதான் பொறி வழி மாறி எஞ்சின் இழுவை விடும்.

அதன் பிறகு பட்டறைக்குப் போனேன். மணி பதினொன்று இருக்கும். தம்பி வேலை மேசையில் ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிளக்கை அவன் முன்னால் வைத்தேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். கடை மூடியிருந்தது என்றும், மறுபடி போக அலுப்பாக இருந்தது என்றும் சொன்னான். "நல்லாத்தானே ஓடிச்சு, சத்தத்தை நீங்களுந்தானே கேட்டீங்க" என்றான். பட்டறைக் கதவைப் பாதி இழுத்துவிட்டேன். சுவரில் இரண்டு ரெஞ்சுகள் மாட்டியிருந்தன. சின்னதை விட்டுவிட்டு, கை நீளம் உள்ளதை எடுத்தேன். அப்போது அவன், "நீங்களும் தொறந்து பாக்கலையேண்ணே" என்றான்.

அது உண்மை. ரெஞ்சைக் கையில் எடுத்த பிறகுதான் அவன் அதைச் சொன்னான். சொல்லாமல் இருந்திருந்தாலும் அடித்திருப்பேன்.

முதல் அடி வலது முழங்காலில். அவன் மேசையைப் பிடித்தபடி சரிந்தான். அதன் பிறகு அவன் வலது மணிக்கட்டை மிதித்துக்கொண்டு விரல்களின் மேல் அடித்தேன். மூன்று முறை. இரண்டாவது அடியில் எலும்பு உடையும் சத்தம் கேட்டது. அவன் "அண்ணே, அண்ணே" என்று கத்தினான். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துப் பட்டறை வெல்டர் என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, "விடுங்க பெரியவரே, செத்துருவான்" என்றார். "சாகமாட்டான். கையைத்தான் அடிச்சேன்" என்றேன். தம்பியின் இரத்தம் கழிவு எண்ணெயோடு கலந்து வடிகால் வரை ஓடியது. வெல்டரை வண்டி கூப்பிடச் சொல்லிவிட்டு, ரெஞ்சைத் துடைக்காமல் மேசை மேல் வைத்துவிட்டு, போலீஸ் நிலையத்துக்கு நடந்தே வந்தேன். அவனுக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டதாக அதிகாரி சொல்லி அறிந்தேன்.

இன்று காலை அதிகாரியின் போனில் என் மகள் பேசினாள். "சித்தப்பா கேஸ் வேண்டாங்கறாருப்பா. கோவத்துல கண்ணு மண்ணு தெரியாம அடிச்சுட்டேன்னு சொல்லிடுங்க. வீட்டுக்கு வாங்க. அவரு வேலைக்குப் போயிட்டா என்னைத் தூக்கி உக்கார வைக்க இங்க யாருப்பா இருக்கா?" என்றாள். அவள் அழுகை அடங்கும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு அதை அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு என் வாக்குமூலமாக எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் 'ஆத்திரத்தில் நிதானம் இழந்து அடித்துவிட்டேன்' என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. "இந்த ஒரு வரி இருந்தா ஜாமீன் கிடைக்கும் பெரியவரே. பொண்ணைப் பாத்துக்கலாம். எடுத்துத்தான் ஆகணுமா?" என்று அதிகாரி நல்ல மனதோடு கேட்டார். எடுக்கச் சொன்னேன். நிதானம் இழந்தவன் இரண்டு ரெஞ்சுகளில் ஒன்றைப் பொறுக்கி எடுக்க மாட்டான். எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று யோசித்துத்தான் அடித்தேன். அந்த வரி என் முன்னால் கோடிட்டு நீக்கப்பட்டது.

நடந்ததைத்தான் சொன்னேன், சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள். வாசிக்கக் கேட்டு, நீக்கிய வரியின் பக்கத்தில் ஒன்றும் தாளின் அடியில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)

என்னால் பதிவு செய்யப்பட்டது.
(கையொப்பம்) நிலைய அதிகாரி