இன்றைய பனி அறிக்கை: வானம் நீலம்

— ஆடுது ரொசாவுரா! நடு ஆகாசத்துல கம்பி நாற்காலி ஊஞ்சல் மாதிரி ஆடுது! வடம் ஏன் நின்னுச்சு? யாரைக் கேட்டு நிறுத்தின?

— நான் நிறுத்தலை, தொன் ஃபப்ரிசியோ. காத்து நிறுத்திச்சு. காத்து மிஞ்சினா இந்த வடம் தானாவே பூட்டிக்கும். நீங்கதானே வாங்கினீங்க, பத்திரிகையில படமெல்லாம் போட்டு.

— எந்தக் காத்து? இன்னிக்குக் காத்தே கிடையாது!

— அதைத்தான் நானும் பாக்குறேன். அறிக்கை என் முன்னாடியே இருக்கு. "வானம் நீலம். புதுப் பனி, பஞ்சு போல. தென்றல், காதலியின் மூச்சு போல." காலையில ரேடியோவுல உங்க குரல்லயே வாசிச்சீங்க. காதலியின் மூச்சு உங்க சொந்தச் சரக்கு. நான் எழுதிக் கொடுத்தது வேற.

— நீ என்ன எழுதின?

— "மதியத்துக்கு முன்னாடி பனியை வாரிக் கண்ணை மறைக்கிற வெள்ளைக் காத்து வரும். கம்பி நாற்காலி ஓட்டக் கூடாது. மேற்குச் சரிவுல ஆள் இருக்கக் கூடாது." எல்லாத்தையும் அடிச்சீங்க. பாதியில உங்க பேனா மை தீர்ந்துபோய், என் பேனாவைக் கேட்டு வாங்கி மிச்சத்தை அடிச்சீங்க.

— இது பனிமாதா திருநாள், அம்மணி! சந்தியாகோவுல இருந்து ஜனம் வண்டி வண்டியா வந்து இறங்கியிருக்கு! மாதாவை மடியில வெச்சு முதல் நாற்காலியில உச்சிக் கோயிலுக்குக் கொண்டுபோறது எங்க வம்சத்துக்கே உள்ள பாக்கியம். புயல் வருதுன்னு நானே தமுக்கு அடிக்கணுமா?

— மாதா எப்படி இருக்காங்க?

— என்னது?

— மாதா. மடியில. பத்திரமா?

— பத்திரமா இருக்கா. கிரீடம் பறந்துபோச்சு. என் தொப்பியும்.

— ரெண்டு கிரீடமும் போச்சா. அடப் பாவமே.

— சுருக்கமாச் சொல்றேன், கேளு. இந்த மலையின் மைந்தன், இந்தப் பள்ளத்தாக்கின் ஒளிவிளக்கு, இப்படி நடு ஆகாசத்தில்...

— அது உச்சியில வாசிக்க வேண்டிய உரை, பத்ரோன், எங்க முதலாளியே. நீங்க இன்னும் மூணாவது தூண்கிட்டதான் தொங்குறீங்க. மலைக்கு அது கணுக்கால்.

— கிண்டலா? எமர்ஜென்ஸி என்ஜினைப் போடு! பூட்டை எடுத்து வடத்தை மெல்லப் பின்னால இறக்குற என்ஜின் இருக்கே!

— இருந்துச்சு. நேத்து அதைக் கழட்டிச் சதுக்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னீங்க. உங்க உரை ஊருக்கே கேக்கணும்னு மூலைக்கு மூலை ஸ்பீக்கர் கட்டினீங்களே, அதுக்குக் கரண்ட் பத்தலைன்னு. இப்போ ஸ்பீக்கரும் கலர் பல்பும் அதுலதான் ஜோரா ஓடிக்கிட்டிருக்கு.

— திரும்பக் கொண்டாந்து மாட்டு!

— மாட்டி முடிக்கிறதுக்குள்ள இருட்டிடும். அதுக்குள்ள நீங்க... சரி, அதை எதுக்கு இப்போ.

— நான் என்ன? சொல்லு, நான் என்ன?

— அறிக்கைப்படி உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

— விளையாடாதே! விரல் மரத்துப்போச்சு. இந்த மைக்கும் கரகரங்குது. மீட்புப் படைக்காரங்களோட பேச வேற வழி இல்லையா?

— எந்தப் படை? போன வருஷப் பனிச்சரிவுக்கு அப்புறம் "பொறுப்பில்லாத கும்பல்"னு நீங்கதானே கலைச்சீங்க. அவங்க வெச்சிருந்த வாக்கி டாக்கியையும் வித்தாச்சு. உரை வாசிக்கன்னு உங்க கையில கொடுத்த இந்த ஒண்ணுதான் மிச்சம். இப்போ இருக்கிறது ஒரு நர்ஸ், சறுக்கச் சொல்லித்தர ரெண்டு வாத்தியாருங்க. நர்ஸுக்கு உயரம்னா தலை சுத்தும். வாத்தியாருங்க எம்பனாதா பலகாரக் கடை வரிசையில நிக்கிறாங்க.

— தூண் ஏறத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூடவா இல்லை இந்த ஊர்ல?

— ஒருத்தன் இருக்கான்.

— கூப்பிடு!

— அவன் இந்த மலையில கால் வைக்கக் கூடாதுன்னு நீங்க தடை போட்டிருக்கீங்க.

— உன் அண்ணனா?

— இஸ்மாயேல். ஆமா.

— வேற ஆளைப் பாரு.

— பாத்தாச்சு. கிடையாது.

— அம்மாடியோவ்! பின்னாடி நாற்காலி வந்து வடத்துல மோதுது! என் போஞ்சோப் போர்வை கம்பியில மாட்டிக் கிழிஞ்சுபோச்சு! வரச் சொல்லு, வரச் சொல்லு, தடையை நீக்கிட்டேன்!

— ஜன்னலைத் திறந்து கேட்டுட்டேன். இங்கேதான், சதுக்கத்து ஓரத்துல தனியா நிக்கிறான். அவன் பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்களே. "குடிகாரன் கயிறு பிடிச்சா பத்ரோன் உயிருக்கு ஆபத்தாச்சே"ங்கிறான்.

— பழிவாங்குறீங்களாடி, அண்ணனும் தங்கச்சியும்?

— பின்னே? ஒரு வருஷமா இந்தக் கண்ணாடிக் கூண்டுல குந்திக்கிட்டு, நீங்க சொன்ன பொய்யையெல்லாம் எழுதினது உங்க மேல இருக்கிற பாசத்துலயா? பனி அளக்குற கோலைச் சமையக்கட்டுப் பின்னாடி, கூரைப் பனி சரிஞ்சு விழுற இடமாப் பாத்து நட்டீங்க. உங்க அறிக்கையில பனி எப்பவும் இடுப்பளவு. வந்தவங்க கால்ல கணுக்காலளவு. அதையும் எழுதினேன். காத்திருந்தேன். என்னிக்காவது ஒருநாள் உங்க அறிக்கையை நீங்களே நம்பி மேல ஏறுவீங்கன்னு.

— என்ன வேணும் உனக்கு? தலைமை வானிலை அதிகாரின்னு பலகை மாட்டித் தரட்டுமா? பித்தளைப் பலகை!

— போன ஆகஸ்ட்டு வேணும், அந்தப் பனிச்சரிவு நாள். அன்னிக்கும் நான் வெள்ளைக் காத்துன்னுதான் எழுதினேன். அது என்ன ஆச்சு?

— அதெல்லாம் விசாரணையில முடிஞ்ச கதை.

— விசாரணையில நீங்க சொன்ன கதை. எச்சரிக்கை கொடுத்தும் கேக்காம இஸ்மாயேல் பிஸ்கோ போதையில, கூட வேலை பாத்த அன்செல்மோவை இழுத்துக்கிட்டு மேற்குச் சரிவுக்குப் போனான்னு சொன்னீங்க. பனி ரெண்டு பேரையும் மூடிச்சு. ஒருத்தனைத்தான் உயிரோட எடுத்தாங்க. பிழைச்சவனை ஊர் கொலைகாரன்னுது. அன்செல்மோவோட அம்மா தோனா ஒர்த்தென்சியா, ரொட்டிக் கடையில இவன் நுழைஞ்சா கூடையை அப்படியே வெச்சிட்டு வெளியே போயிடுறாங்க. அன்னிக்கு உடைஞ்ச கால் என் அண்ணனுக்குச் சரியாயிடுச்சு. கெட்ட பேரு சரியாகலை. அந்தப் பேரு வேணும் எனக்கு.

— சொன்னா ஏறி வருவானா?

— வருவான்.

— கீழே பேண்டு வாசிச்சுக்கிட்டிருந்துச்சே, சத்தத்தையே காணோம்?

— குளிரு, பத்ரோன். எல்லாரும் அமைதியா நிக்கிறாங்க.

— இது உனக்கு மட்டும்தான். புரியுதா?

— என் காதுல விழுந்தா எனக்குப் போதும். குமிழை நல்லா அமுக்கிப் பிடிங்க. மைக்கை வாய்கிட்ட வைங்க, காத்து பாதியைத் தின்னுடுது.

— சுருக்கமாச் சொல்றேன்...

— வாழ்க்கையில முதல் தடவையா.

— அறிக்கையை நான் மாத்தினேன். வானம் நீலம்னு போட்டேன். எச்சரிக்கை கொடுத்தேன்னு விசாரணையில சொன்னது பொய். பெரிய மனுஷங்க வந்திருந்தாங்க, மேற்குச் சரிவுல சறுக்கணும்னாங்க. முன்னாடி போய்த் தடம் போட்டு வைங்கடான்னு ரெண்டு பேரையும் நான்தான் அனுப்பினேன். உங்க அண்ணன் வேணாம்னான். போகலைன்னா ரெண்டு பேருக்கும் வேலை இல்லைன்னேன். அன்செல்மோ வீட்டு நிலைமை உனக்கே தெரியும். அவன் கிளம்பிட்டான். அவனைத் தனியா விட மனசில்லாம இவனும் போனான்.

— பிஸ்கோ பாட்டில்?

— எந்தப் பாட்டில்?

— இஸ்மாயேல் கோட்டுல இருந்தது.

— அது... வைக்கப்பட்டது.

— யாரால?

— ஆஸ்பத்திரியில அவன் மயக்கமாக் கிடந்தப்போ... என் டிரைவர் வெச்சான். நான் சொல்லித்தான் வெச்சான். போதுமா? அன்செல்மோ நல்ல பையன், நான் இல்லைங்கலையே! ஒரு சறுக்குப் பாதைக்கே அவன் பேரை வெச்சேனே!

— வெச்சீங்க. அவன் அம்மா கையிலயே கத்தரிக்கோல் கொடுத்து ரிப்பனும் வெட்ட வெச்சீங்க. வெட்டிட்டு உங்க கையில முத்தம் கொடுத்தாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.

— அவன் கிளம்பினானா, இல்லையா?

— கிளம்பிட்டான். கூட்டம் வழி விடுது.

— கூட்டம் எதுக்கு அவனுக்கு வழி விடணும்?

— தெரியலை, பத்ரோன். ஜன்னல்ல பனி அப்பிக்கிச்சு.

— இப்போ நீ கேட்டுக்க. கீழே இறங்கின நிமிஷம், நான் எதுவும் சொல்லலை. குளிர்ல பிதற்றினேன், அவ்வளவுதான். உன் பேச்சும் என் பேச்சும் எதிரெதிரே நின்னா ஊர் யாரை நம்பும்? நான் மாதாவைச் சுமக்கிறவன். நீ ஜன்னல் வழியா மேகம் பாக்குறவ. நாளைக்கு அந்தக் கூண்டுல வேற ஆள் உக்காந்திருப்பான்.

— சரி, பத்ரோன்.

— தூண்ல ஆள் தெரியுது! இஸ்மாயேல்! இங்கே, தம்பி, இங்கே! வா, ராசா, என் கையைப் பிடி!

— கை வேணாம். மாதாவைக் கொடுங்க.

— முதல்ல என்னை இறக்குடா! அது மரச் சிலை, நான் மனுஷன்!

— மாதாவைக் கொடுங்க, தொன் ஃபப்ரிசியோ. அப்புறம் அந்த மைக். உங்க உரைக்காகச் சதுக்கத்து ஸ்பீக்கரோட நீங்களே சேர்க்கச் சொன்ன மைக் அது, நீங்க பேசினது ஒரு வார்த்தை விடாம ஊரே கேட்டுச்சு. என் இடுப்புக் கயித்துல இருக்கிற இந்த முடிச்சைப் போட்டு அனுப்பினது தோனா ஒர்த்தென்சியா. இன்னிக்குத்தான் என் முகத்தைப் பாத்துப் பேசினாங்க. மாதாவைப் பத்திரமாக் கொண்டு வான்னாங்க. உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.